பென்குயின்களுக்கு வயசாகுது

2023 ஏப்ரல் 12. வருசப்பிறப்புக்கு இன்னும் இரண்டு நாள். விடிய நாலரை மணிக்கு நாங்கள் மூன்று பேர் ஒரு லப்டொப்புக்கு முன்னால் குந்திக்கொண்டிருந்தோம். அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் அப்போது முதல் நாள் இரவு ஏழு மணி. பிற்ஸ்பேர்க் பென்குயின்ஸ் அணி சொந்த மண்ணில் சிக்காகோவை எதிர்கொண்டது. சிக்காகோ அந்த வருடம் அடிமட்டத்தில் கிடந்த அணி. வென்றால் பிளேஓஃப் கதவு கிட்டத்தட்டத் திறந்துவிடும். பென்குயின்ஸ் தோற்றது. அடுத்த நாள் வேறொரு ஆட்டத்தின் முடிவோடு கதவு பூட்டியே விட்டது. பதினாறு வருடமாக ஒருமுறைகூடத் தவறவிடாத பிளேஓஃப், ஒரே ஒரு புள்ளியால் போனது.

ஸ்காபரோவில் இருக்கிற மச்சானுக்கு உடனே மெசேஜ் போட்டோம். அவன்தான் எங்களுக்கு இந்த விளையாட்டைப் பழக்கினவன். அவன் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ரசிகன், ஆகவே தோல்வியில் பட்டம் பெற்றவன். அவன் ஒரு வரிதான் திருப்பி அனுப்பினான்: "கிழடுகளை வைச்சு எத்தனை நாளைக்கடா ஓட்டுறது?"

அந்தக் கேள்வி அன்றைக்கு எங்களுக்குக் கோபத்தைத்தான் தந்தது. இதை எழுதும்போது 2025-26 பருவம் தொடங்கவிருந்தது. அந்தப் பதினாறு வருடத்துக்குப் பிறகு மூன்று வருடம் தொடர்ந்து பென்குயின்ஸ் பிளேஓஃப் பக்கமே போகவில்லை. கோபம் ஆறிவிட்டது. கேள்வி மட்டும் நிற்கிறது. வயது போன ஒரு அணி தன்னை எப்படி மீளக்கட்ட வேண்டும்?

ஹொக்கி என்றதும் பாடசாலை மைதானத்தில் விளையாடுகிற ஹொக்கியை நினைக்கிற ஆட்களுக்காகச் சின்ன விளக்கம். நாங்கள் சொல்வது ஐஸ் ஹொக்கி. வட அமெரிக்காவின் என்.எச்.எல் லீக்கில் 32 அணிகள். அதில் 16 அணிகள் பிளேஓஃப் போகும். கடைசியில் ஒரு அணி ஸ்ரான்லி கிண்ணத்தைத் தூக்கும். ஐரோப்பிய உதைபந்தாட்டம் மாதிரி, காசிருக்கிற கிளப் கண்டபடி ஆள் வாங்க ஏலாது. ஒவ்வொரு அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. 2025-26இல் அது 95.5 மில்லியன் டொலர். புதிய வீரர்கள் வருவது ட்ராஃப்ட் வழியாக. ஒவ்வொரு கோடையிலும் பதினெட்டு வயதுப் பெடியன்களை அணிகள் முறைவைத்துத் தெரிவு செய்யும். ஏழு சுற்று. மோசமாக விளையாடிய அணிக்கு முன்வரிசை இடம் கிடைக்கும். முதலிடத்துக்குச் சீட்டுக்குலுக்கல் நடக்கும், அதில் கடைசி அணிக்கு வாய்ப்புக் கூட. இந்தத் தெரிவுகளை அணிகள் ஒன்றுக்கொன்று விற்கலாம், மாற்றலாம். எங்கள் வாதம் முழுக்க நிற்பது இந்தக் கடைசி வசனத்தில்தான்.

ஏனென்றால் ட்ராஃப்ட் தெரிவு என்பது ஒரு அணியின் வீட்டிலிருக்கிற நகை மாதிரி. இன்றைக்கு அதைப் போட்டுக்கொண்டு எங்கேயும் போகாவிட்டாலும் பெட்டிக்குள் இருக்கும், நாளைக்கு உதவும். அவசரம் வந்தால் அடகு வைக்கலாம். காணி வாங்க அடகு வைக்கிறதும் உண்டு. பழைய கடனுக்கு வட்டி கட்ட அடகு வைக்கிறதும் உண்டு. பென்குயின்ஸ் இரண்டையும் செய்தது.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். 2003 முதல் 2006 வரை பிற்ஸ்பேர்க் லீக்கின் மோசமான அணிகளில் ஒன்று. அந்தத் தோல்விகளுக்குக் கிடைத்த கூலிதான் 2003இல் முதல் தெரிவாக வந்த கோலி மார்க் அந்த்ரே ஃப்ளூரி, 2004இல் இரண்டாம் தெரிவாக வந்த எவ்கெனி மல்கின், 2005இல் முதல் தெரிவாக வந்த சிட்னி குரொஸ்பி. அதே 2005இல் மூன்றாம் சுற்றில் 62ஆவது ஆளாக எடுத்தவர்தான் கிறிஸ் லெற்றாங். 2009இல் கிண்ணம். 2016இலும் 2017இலும் அடுத்தடுத்து இரண்டு கிண்ணம்.

அந்த இரண்டு கிண்ணங்களுக்கும் நகை அடகு போனது உண்மை. 2015 கோடையில் ஃபில் கெசலை ரொறன்ரோவிடமிருந்து வாங்கியபோது முதல் சுற்றுத் தெரிவொன்றும், கஸ்பெரி கபனென் என்ற இளம் வீரரும் கைமாறிப் போனார்கள். கெசல் இரண்டு கிண்ணத்திலும் பங்காளி. இது காணி வாங்கின கணக்கு. இதில் எங்களுக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. குரொஸ்பிக்கு 28, மல்கினுக்கு 29 வயது இருக்கும்போது ஒரு அணி எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் அதுதான் மடைமை.

பிரச்சினை அதற்குப் பிறகு. 2015 முதல் 2021 வரை ஏழு ட்ராஃப்ட். அந்த ஏழிலும் பென்குயின்ஸ் முதல் சுற்றில் தெரிவு செய்த வீரர் ஒரே ஒருவர்: 2019இல் சாமுவேல் பூலன். அவருக்கும் பிற்ஸ்பேர்க்கில் நிலையான இடம் கிடைக்கவில்லை. மற்ற ஆறு தெரிவும் யாரோ ஒரு வீரரை வாங்கப் போயின. இதில் எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது என்றால் அது கபனென் கதைக்குத்தான். 2014இல் பென்குயின்ஸ் தானே முதல் சுற்றில் எடுத்த பெடியன். 2015இல் கெசலுக்காகக் கொடுத்தார்கள். 2020இல் இன்னொரு முதல் சுற்றுத் தெரிவைக் கொடுத்து அதே கபனெனைத் திருப்பி வாங்கினார்கள். 2023 பெப்ரவரியில் எந்த அணியும் சும்மா எடுத்துக்கொண்டு போகலாம் என்று வெளியில் விட்டார்கள். சென்ற் லூயிஸ் எடுத்துக்கொண்டு போனது. தன் நகையைத் தானே இரட்டை விலைக்கு மீட்டு, பிறகு றோட்டில் போட்டுவிட்டு வந்த கதை.

2025 வரை பார்த்தால், 2018இல் பிலடெல்பியாவை வென்ற தொடர்தான் இந்த அணி கடைசியாக வென்ற பிளேஓஃப் தொடர். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் முதல் படியிலேயே விழுந்தது. ஆனாலும் ஒவ்வொரு கோடையிலும் ஒரே கதைதான்: "குரொஸ்பி இருக்கும்வரைக்கும் நாங்கள் கிண்ணத்துக்குத்தான் விளையாடுவோம்." 2022 கோடையில் 35 வயது லெற்றாங்குக்கு ஆறு வருட ஒப்பந்தம், 36ஐத் தொட்டுக்கொண்டிருந்த மல்கினுக்கு நாலு வருட ஒப்பந்தம். இருவருக்கும் வருடம் 6.1 மில்லியன். அடுத்த வசந்தத்தில் பொது முகாமையாளர் ரொன் ஹெக்ஸ்ரோலின் வேலை போனது. ரொறன்ரோவிலிருந்து கைல் டூபாஸ் வந்தார். வந்த சூட்டோடு, 2023 ஓகஸ்ட்டில், 33 வயது எரிக் கார்ல்சனை வாங்கினார். கார்ல்சன் அதற்கு முந்தைய பருவத்தில் 101 புள்ளி எடுத்து, சிறந்த தடுப்பு வீரருக்கான நொரிஸ் விருதை வென்றவர்தான். ஆனால் விலை? 2024 முதல் சுற்றுத் தெரிவும் அதில் சேர்த்தி.

விளைவைப் பாருங்கோ. 2022-23இல் 91 புள்ளி, ஒரு புள்ளியால் வெளியே. 2023-24இல் 88, மூன்று புள்ளியால் வெளியே. 2024-25இல் 80. கிட்டவும் இல்லை. 2023இல் ஒரு புள்ளி கூட எடுத்து உள்ளே போன ஃபுளோரிடா அந்த வருடமே இறுதிப்போட்டிக்குப் போனது, 2024இலும் 2025இலும் கிண்ணத்தையே தூக்கியது. ஆகவே "எப்படியாவது உள்ளே போனால் எதுவும் நடக்கலாம்" என்று சொல்கிற ஆட்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் ஃபுளோரிடாவின் முக்கிய வீரர்கள் இருபதுகளின் நடுவில் இருந்தார்கள். எங்களுடைய ஆட்கள் முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தார்கள். ஒரே கதவால் போனாலும் உள்ளே போய் ஏறவேண்டிய படிகளுக்கு முழங்கால் வேண்டும்.

இந்த நடு இடம்தான் லீக்கில் இருக்கிற மிக மோசமான இடம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். பிளேஓஃபுக்கும் இல்லை, நல்ல தெரிவுக்கும் இல்லை. குலுக்கலில் வென்றாலும் ஒரு அணி பத்து இடத்துக்கு மேல் முன்னேற ஏலாது. ஆகவே கடைசியிலிருந்து பதினொரு அணிகளுக்கு மட்டும்தான் முதல் தெரிவுக்கான வாய்ப்பே உண்டு. பென்குயின்ஸ் 2023இல் 14ஆவதாகத் தெரிவு செய்தது. 2024இல் விற்ற தெரிவும் 14ஆவது இடம்தான்.

சரி, அப்ப என்ன செய்ய வேணும்? எல்லாரையும் விற்றுப்போட்டு அடியிலிருந்து தொடங்கு என்று சொல்வது லேசு. இணையத்தில் கதைக்கிற அரைவாசிப் பேர் அதைத்தான் சொல்கிறார்கள். நாங்களும் ஒரு காலத்தில் சொன்னோம். ஆனால் மற்ற அணிகளுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு அந்த நம்பிக்கை குறைந்துவிட்டது.

பஃபலோவைப் பாருங்கள். 2014-15இல் அந்த அணி கடைசி இடத்துக்காகவே கட்டப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். 2015 மார்ச்சில் மேலதிக நேரத்தில் எதிரணி அரிசோனா கோல் போட்டபோது பஃபலோவின் சொந்த ரசிகர்களே கைதட்டினார்கள். அந்தக் கோடையில் இரண்டாம் தெரிவாக ஜக் ஐக்கெல் வந்தார். 2018இலும் 2021இலும் முதல் தெரிவே கிடைத்தது. பலன்? 2011க்குப் பிறகு 2025 வரை பதினாலு வருடம் பிளேஓஃப் இல்லை. ஐக்கெல் 2021இல் வேகஸுக்குப் போய் 2023இல் அங்கே கிண்ணம் வென்றார். திறமையான பெடியன்களைக் கொண்டுவந்து தோல்வி பழகின வீட்டில் விட்டால், அவர்கள் முதலில் பழகுவதும் தோல்வியைத்தான்.

சிக்காகோவும் அப்படி. 2010, 2013, 2015 என்று மூன்று கிண்ணம் வென்ற அணி. பிறகு கீத், டிபிரின்கற், கேன், டேவ்ஸ் என்று ஒவ்வொருவராக வெளியே போனார்கள். 2023இல் முதல் தெரிவாகக் கொனர் பெடார்ட் வந்தார். அவருடைய முதல் பருவத்தில் அணிக்கு 52 புள்ளி, இரண்டாவதில் 61. பெடார்ட் திறமைசாலிதான். ஆனால் பதினெட்டு வயதுப் பெடியனின் தோளில் முழு வீட்டையும் ஏற்றிவிட்டு, பக்கத்தில் தாங்குவதற்குப் போதிய ஆட்களை வைக்கவில்லை. அந்த மீளக்கட்டல் இன்னும் முடியவில்லை. நாளைக்கு அது சரியாகவும் வரலாம். ஆனால் முதல் தெரிவு கிடைத்தவுடன் வேலை முடிந்தது என்று நினைக்கிற ஆட்கள் அந்த 52ஐயும் 61ஐயும் ஒருக்கா எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மற்றப் பக்கம் டெட்ரொயிட். 1991 முதல் 2016 வரை 25 முறை தொடர்ந்து பிளேஓஃப் போன அணி. அந்தத் தொடரைக் காப்பாற்றுவதே கடைசியில் அவர்களின் ஒரே குறிக்கோளாகிவிட்டது. 2016இல் 32 வயது ஃபிரான்ஸ் நீல்சனுக்கு ஆறு வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். அது முடிய முன்னரே காசு கொடுத்து அவரை அனுப்ப வேண்டி வந்தது. 2019-20இல் 71 ஆட்டத்தில் 17 வெற்றி. லீக்கிலேயே கடைசி. குலுக்கலிலும் தோற்று நாலாவது தெரிவுக்கு விழுந்தார்கள். 2016க்குப் பிறகு 2025 வரை பிளேஓஃப் இல்லை. காலம் கடந்து தொடங்கினால் கடைசி இடமும் கைகொடுக்காது.

அப்படியென்றால் யார் ஒழுங்காகச் செய்தது? பென்குயின்ஸ் ரசிகர்களுக்குச் சொல்லக் கூசுகிற பதில்: வொஷிங்டன். குரொஸ்பிக்கு இருபது வருடப் போட்டியாளன் அலெக்ஸ் ஒவெச்கின் இருக்கிற அணி. 2018இல் கிண்ணம் வென்றார்கள். 2023இல் அவர்களும் பிளேஓஃபைத் தவறவிட்டார்கள். ஆனால் அந்த வருடம் பருவம் முடிய முன்னரே நிலைமையை ஒப்புக்கொண்டு, ஒப்பந்தம் முடியப்போகிற ஓர்லோவ் போன்றவர்களை விற்றுத் தெரிவு வாங்கினார்கள். அதில் ஒரு முதல் சுற்றுத் தெரிவை மாற்றி 22 வயது ரஸ்மஸ் சன்டினை எடுத்தார்கள். தோற்றதால் கிடைத்த எட்டாவது தெரிவில் ரயன் லெனர்ட்டை எடுத்தார்கள். புதிய பயிற்றுநராக ஸ்பென்சர் கார்பரி வந்தார். 2019இல் மூன்றாம் சுற்றில் எடுத்து ஆறுதலாக வளர்த்த அலெக்ஸி புரோற்றாஸ் 2024-25இல் 30 கோல் அடித்தார். அந்த வருடம் வொஷிங்டனுக்கு 111 புள்ளி. 39 வயது ஒவெச்கின் கால் முறிந்து திரும்பி வந்து 65 ஆட்டத்தில் 44 கோல் போட்டார். 2025 ஏப்ரல் 6ஆம் திகதி 895ஆவது கோலோடு வேய்ன் கிரெற்ஸ்கியின் சாதனையையும் முறியடித்தார்.

அந்த அணி கிண்ணம் வெல்லவில்லை. இரண்டாவது சுற்றில் கரோலைனாவிடம் போனது. ஆனால் பாருங்கோ, ஒவெச்கினை அவர்கள் விற்கவில்லை. கிழவர் அதே இடத்தில் இருந்தார். அவரைச் சுற்றியிருந்த ஆட்கள்தான் மாறினார்கள். பக்ஸ்ற்ரோம் இடுப்புக் காயத்தால் நின்றார், ஓஷிக்கு முதுகு, குஸ்னெற்சோவ் வேறு அணிக்குப் போனார். அந்த இடங்களுக்கு இன்னும் மூன்று கிழவர்களை வாங்காமல் 22, 23, 26 வயதுக்காரரைக் கொண்டுவந்தார்கள்.

இதிலிருந்துதான் எங்கள் கருத்துக்கு வருகிறோம். பிற்ஸ்பேர்க்கின் பிரச்சினை குரொஸ்பி இல்லை. "குரொஸ்பிக்காக" என்ற சொல்தான் பிரச்சினை. 2024-25இலும் 91 புள்ளி எடுத்து, ஆட்டத்துக்கு ஒரு புள்ளிக்குக் குறையாமல் இருபதாவது பருவத்தை முடித்து கிரெற்ஸ்கியின் இன்னொரு சாதனையையும் தாண்டிய மனிதன் அவர். 2008இலிருந்து அவர் சம்பளக் கணக்கு வருடம் 8.7 மில்லியன்தான். உச்சவரம்பு எவ்வளவோ ஏறிய பிறகும், 2024 செப்ரெம்பரில் அதே தொகைக்கு இன்னும் இரண்டு வருடம் கையெழுத்துப் போட்டார். அவர் அணிக்குப் பாரம் இல்லை. அவர் பெயரைச் சொல்லி மற்றவர்கள் வாங்கின கடன்தான் பாரம்.

ஆகவே எங்களைக் கேட்டால், வயது போன அணி ஒன்று செய்யவேண்டியது இவ்வளவுதான்.

முதலாவது, உண்மையைச் சொல்ல வேண்டும். 2018 பெப்ரவரியில் நியூயோர்க் றேஞ்சர்ஸ் தன் ரசிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. நீங்கள் விரும்புகிற சிலர் போவார்கள், இளம் அணி ஒன்றைக் கட்டப்போகிறோம் என்று வெளிப்படையாகவே சொன்னது. அந்த மாதமே நாஷும் மக்டோனாவும் போனார்கள். நாலு வருடத்தில், 2022இல், அவர்கள் கிழக்குப் பிரிவின் இறுதிக்கு வந்தார்கள். நியூயோர்க் என்றபடியால் பனாரின் போன்ற பெரிய வீரர் தானாக வந்தார், அது எல்லா நகருக்கும் வாய்க்காது. அந்த அணி 2025இல் திரும்பவும் பிளேஓஃபைத் தவறவிட்டதும் தெரியும். ஆனால் அந்தக் கடிதம் ஒரு வேலை செய்தது. தோல்விக்கு ஒரு அர்த்தம் கொடுத்தது. சனம் தோல்வியைப் பொறுக்கும், ஏமாற்றுவதைப் பொறுக்காது. பிற்ஸ்பேர்க்கில் 2007 முதல் 2021 வரை 600க்கு மேற்பட்ட ஆட்டங்களுக்குத் தொடர்ந்து அரங்கை நிரப்பிய சனம் இது. அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுகிற அளவுக்காவது மரியாதை இருக்க வேண்டும்.

இரண்டாவது, 28 வயதுக்கு மேற்பட்ட எவரையும் வாங்க முதல் இரண்டு சுற்றுத் தெரிவுகளைத் தொடக்கூடாது. எவ்வளவு ஆசை வந்தாலும் கூடாது. இதை ஒரு சட்டமாக எழுதி முகாமையாளரின் மேசையில் ஒட்டவேண்டும்.

மூன்றாவது, விற்கவேண்டியது நடு வயதுக்காரரை. இது மனதுக்குக் கஷ்டமான பகுதி. 38 வயதுக்காரருக்குச் சந்தையில் பெரிய விலை இல்லை. ஆனால் 28 முதல் 33 வரை இருக்கிற நல்ல வீரருக்கு உச்ச விலை உண்டு, அணி திரும்ப எழும்பும்போது அவர்களுக்கும் வயது போயிருக்கும். டூபாஸ் இதைக் கொஞ்சம் விளங்கிக்கொண்டார் என்றுதான் நினைக்கிறோம். 2024 மார்ச்சில் ஜேக் கென்ட்ஸலைக் கரோலைனாவுக்குக் கொடுத்தார். 2017 கிண்ண ஓட்டத்தில் 13 கோல் போட்ட பெடியன். எங்களில் ஒருத்தி அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. ஆனால் அந்த விற்பனையில் வந்த வில்லே கொய்வுனென் ஒரு வருடத்தில் என்.எச்.எல் ஆட்டத்தில் இறங்கிவிட்டார். 2025 ஜனவரியில் 28 வயது மார்கஸ் பெற்றர்சனையும் ட்ரூ ஓகொனரையும் வன்கூவருக்குக் கொடுத்ததில் ஒரு முதல் சுற்றுத் தெரிவு வந்தது. அதன் பலனாக 2025 ட்ராஃப்ட்டில் பென்குயின்ஸ் முதல் சுற்றில் மூன்று பேரை எடுத்தது: 11ஆவதாக பென் கின்டெல், 22ஆவதாக பில் சோனன், 24ஆவதாக வில் ஹோர்கொஃப். ஏழு வருடத்தில் ஒருவரை எடுத்த அணி ஒரே இரவில் மூன்று பேரை எடுத்தது. இதே வழியில் இன்னும் போகவேண்டும். 2024-25இல் 35 கோல் போட்ட றிக்கார்ட் றக்கெலுக்கு இதைவிட நல்ல விலை இனிக் கிடைக்காது. கார்ல்சனுக்கும் விலை வரும்போது கொடுத்துவிட வேண்டும்.

நாலாவது, உச்சவரம்புக்குக் கீழே மிஞ்சுகிற இடமும் ஒரு பண்டம்தான். நெருக்கடியில் இருக்கிற அணிகள் தங்களுக்குப் பாரமான ஒப்பந்தத்தை யாராவது தூக்கினால் கூலி கொடுக்கும். 2024இல் சென்ற் லூயிஸிடமிருந்து கெவின் ஹேய்ஸின் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதற்கு இரண்டாம் சுற்றுத் தெரிவு ஒன்று கூட வந்தது. பாரத்தையும் சுமந்து கூலியையும் சேர்க்கலாம். மீளக்கட்டுகிற அணிக்கு இதைவிட நேர்மையான உழைப்பு வேறில்லை.

ஐந்தாவதுதான் எங்களுக்கு முக்கியம். பெடியன்களுக்கு உண்மையான இடம் கொடுக்க வேண்டும். இடம் என்றால் பெயருக்கு இல்லை. கடைசி வரிசையில் ஆட்டத்துக்கு ஆறு நிமிடம் விட்டு, ஒரு பிழை விட்டதும் கீழ் லீக்குக்கு அனுப்புவதற்குப் பெயர் இடம் இல்லை. ரட்கர் மக்குரோர்ட்டியும் கொய்வுனெனும் குரொஸ்பிக்கு இரண்டு பக்கமும் நின்று பிழை விட்டுப் பழகவேண்டும். "நீ இன்னும் ரெடி இல்லை, பொறு" என்று சொல்லிச் சொல்லியே ஒருத்தனை 26 வயதாக்கிவிட்டு, பிறகு "இவன் வளரவில்லையே" என்று சொல்வது எந்தத் துறையிலும் அநியாயம். பிழை விடுகிற உரிமை இல்லாமல் யாரும் எதையும் பழகினதில்லை. இதை வாசிக்கிற உங்களில் எத்தனை பேருக்கு இந்த "பொறு" பழக்கமான சொல் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இனி அந்தக் கஷ்டமான கேள்வி. குரொஸ்பியை என்ன செய்வது? மச்சான் சொல்கிறான், விற்கவேண்டும், மொன்றியலுக்கோ வேறெங்கோ போய் நாலாவது கிண்ணத்தைத் தூக்கட்டும், அதுதான் அவருக்குச் செய்கிற மரியாதை என்று. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. 38 வயது மனிதனிடம் "மூன்று வருடம் பொறு, நல்லாவரும்" என்று சொல்வதும் ஒருவகைக் கொடுமைதான். ஆனால் அவர் ஒப்பந்தப்படி அவர் சம்மதமில்லாமல் எங்கேயும் அனுப்ப ஏலாது. அது நல்லதும்தான். முடிவு அவருடையதாக இருக்கட்டும். அணியின் கடமை, அவரிடம் கணக்கை மறைக்காமல் வைப்பது: இந்த வருடமும் அடுத்த வருடமும் நாங்கள் கிண்ணத்துக்கு விளையாடவில்லை, இந்தப் பெடியன்களை ஆளாக்கப் போகிறோம், நீங்கள் நிற்க விரும்பினால் இந்த வீடு உங்களுடையது, போக விரும்பினால் பெரிய விலை கேட்டு வழியை மறிக்க மாட்டோம். இவ்வளவும் சொன்ன பிறகு அவர் நின்றால், அது எல்லாம் தெரிந்து நிற்பது. மல்கினின் அந்த ஒப்பந்தம் 2025-26 பருவம் வரைக்கும்தான். அவருக்கும் இதே நேர்மை வேண்டும். விரும்பினால் ஒவ்வொரு வருடமாக, குறைந்த சம்பளத்துக்கு. 2022 மாதிரி நீண்ட ஒப்பந்தம் இனி யாருக்கும் கூடாது. குரொஸ்பி, மல்கின், லெற்றாங் மூன்று பேரும் ஒன்றாக விளையாடுகிற இருபதாவது பருவம் 2025-26. அதைக் கொண்டாடலாம், கொண்டாடவும் வேண்டும். கொண்டாட்டத்துக்கு நகையை அடகு வைக்கத் தேவையில்லை.

"பழைய ஆட்களையும் வைத்துக்கொண்டு இளசுகளையும் வளர்க்கிறது நடக்கிற காரியமா?" என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. அதுவும் இதே நகரில்.

2005 ஒக்டோபரில் பதினெட்டு வயதுக் குரொஸ்பி பிற்ஸ்பேர்க்குக்கு வந்தபோது அணியின் கப்டன் மரியோ லெமியூ. நாற்பது வயது. 1991இலும் 1992இலும் கிண்ணம் வென்று கொடுத்தவர், கிளப் கடனில் மூழ்கியபோது அதை வாங்கிக் காப்பாற்றியவர். அந்தப் பருவத்தில் அணி படுமோசம். வயது போன பெரிய பெயர்கள் சிலரை அந்தக் கோடையில் வாங்கியதும் உதவவில்லை. ஆனால் லெமியூ ஒரு காரியம் செய்தார். குரொஸ்பியைத் தன் வீட்டிலேயே குடிவைத்தார். பெடியன் அவருடைய பிள்ளைகளோடு ஒரே மேசையில் சாப்பிட்டான், காலையில் அவரோடு பயிற்சிக்குப் போனான், ஆட்டத்தில் அவரோடு ஒரே பனித்தளத்தில் நின்றான். 2006 ஜனவரியில் லெமியூ உடம்பு ஏலாமல் விளையாட்டை நிறுத்தினார். மூன்று வருடம் கழித்து, 2009இல், அந்தப் பெடியன் கப்டனாகக் கிண்ணத்தைத் தூக்கினான்.

குரொஸ்பிக்கு இது நாங்கள் சொல்லித் தெரியவேண்டிய கதை இல்லை, அவரே அந்த வீட்டில் வளர்ந்தவர். இப்போது உடுப்பு மாற்றுகிற அறையில் அவருக்குப் பக்கத்தில் பதினெட்டு வயதுக் கின்டெல் வந்து குந்தப்போகிறான். கடந்த ஐந்தாறு வருடமாக அந்த இருக்கை வெறுமையாகத்தான் கிடந்தது, அதில் இருக்கவேண்டிய பெடியனை யாரோ ஒரு முப்பது வயதுக்காரருக்காக விற்றுவிட்டிருந்தார்கள்.

மச்சானின் கேள்விக்கு இரண்டரை வருடம் பிந்தி இப்படித்தான் பதில் அனுப்பினோம்: கிழவர் இருக்கட்டும். பக்கத்துக் கதிரையை மட்டும் விற்காமல் இருந்தால் போதும். அவன் திருப்பி அனுப்பினான்: "லீஃப்ஸுக்கும் ஒருக்கா இதைச் சொல்லுங்கோடா."